சேஷாத்ரிக்குச் சான்று தேவை

“மாமா, ‘இணையற்ற’ங்கற வார்த்தையைத் தூக்கிட்டா” என்றாள் ஹம்சினி.

“தூக்கிட்டாளா? எத்தனை இடத்துல?”

“ஏழு இடத்துலயும்.”

சேஷாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். நேற்று வரை மூன்று பக்கத்துக்கு வளர்ந்திருந்த கட்டுரை, இன்று அரைப் பக்கமாகச் சுருங்கிக் கிடந்தது. வேறு யாருடைய வாழ்க்கையாவது இப்படிச் சுருங்கியிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். சுருங்கியது அவருடைய வாழ்க்கை.

பவானிபூர்க் கல்லூரி ஒன்றில் மிருதுளா என்று ஒரு விரிவுரையாளர். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளைத் திரட்டி, இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் கட்டுரை எழுத வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டுரை ஏற்கப்பட்டால் செமஸ்டரில் பத்து மார்க். பிள்ளைகளுக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் நாலு வரி எழுதச் சொன்னால்தான் வியர்த்துக்கொட்டும். அதனால் வரைவுகளைத் திருத்திக் கொடுக்க ஒரு பெரியவர் வேண்டும் என்று அவள் தமிழ்ச் சங்கத்தில் வந்து கேட்டபோது, முதல் ஆளாகக் கை தூக்கியவர் சேஷாத்ரி. மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர் எழுதிய கோப்புகளைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவர். அதோடு பதினோரு வங்க நாவல்களைத் தமிழில் தந்தவர். பதினோரு அட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

தலைப்புப் பட்டியலை அவரே தயாரித்தார். பன்னிரண்டு தலைப்பு. ஏழாவது, ‘சேஷாத்ரி, மொழிபெயர்ப்பாளர்.’ சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அது ஹம்சினிக்கு வந்தது. குலுக்கியவரும் அவர்தான்.

ஞாயிறுதோறும் பாலிகஞ்சில் அவருடைய ஃப்ளாட் ஹாலில் வகுப்பு நடந்தது. மற்ற பிள்ளைகளின் வரைவுகளையும் அவர் திருத்தாமல் விடவில்லை. சந்தீப் என்ற பையன் ஒரு பழைய இட்லி மெஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தான். அதில் ‘மொழிபெயர்ப்பாளர் சேஷாத்ரி இங்கு பலமுறை காபி அருந்தியுள்ளார்’ என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். அதற்கும் ‘சான்று தேவை’ என்று திரும்பி வந்தது.

“மெஸ் ஓனர்கிட்ட பில் வாங்கிண்டு வரட்டுமா மாமா?” என்று சந்தீப் கேட்டான். அவன் உண்மையாகவே கேட்கிறானா, நக்கலடிக்கிறானா என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தமிழ்ச் சங்கம் இந்த வருஷம் வாழ்நாள் விருது கொடுக்கப்போகிறது. சேஷாத்ரியின் பெயர் கிட்டத்தட்ட முடிவாகியிருந்த கூட்டத்தில்தான் செயலாளர் வைத்தியநாதன் தொண்டையைக் கனைத்தார்.

“எனக்கு யார் பேர்லயும் விருப்பு வெறுப்பு கிடையாது. நான் நடுநிலை. ஆனா கலைக்களஞ்சியத்துல ஒரு கட்டுரைகூட இல்லாதவருக்கு வாழ்நாள் விருதுன்னா, நாலு பேர் சிரிக்க மாட்டாளோ?”

ஆகவே கட்டுரை ஏறினால் விருது. ஏறாவிட்டால் பட்டை நாமம். கட்டுரையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஆளோ முகம் காட்டாத ஆள். கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் புனைபெயரில் சேர்ந்து அந்த வேலையைப் பார்க்கலாம். பெயர் மட்டும் திரையில் இருந்தது: நடுநிலை.

“வைத்தியநாதன்தான்!” என்று தொடையில் தட்டினார் சேஷாத்ரி. “வேற எவன் இப்படிப் பேர் வெச்சுப்பான்?”

“இருங்கோ மாமா, கீழ ஒரு கேள்வி கேட்டிருக்கா” என்று ஹம்சினி வாசித்தாள். “‘மொழிபெயர்ப்பாளர் வங்கமொழியை எங்கே கற்றார்? சான்று தேவை.’”

சேஷாத்ரி கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இங்கே ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்துவிடலாம். சேஷாத்ரிக்கு வங்காளம் படிக்கத் தெரியாது. கடியாஹாட் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவார், ஆட்டோக்காரனோடு சண்டை போடுவார், அத்தோடு சரி. படிக்கத் தெரிந்தவள் அவர் மனைவி கனகவல்லி. பவானிபூரில் பிறந்து, வங்காளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சமையல் முடிந்த மத்தியானங்களில் நாவலை ஒரு பக்கமும் நோட்டுப் புத்தகத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு எழுதுவாள். பதினோரு நாவலும் அப்படி எழுதியவை. சேஷாத்ரி அதை வாங்கிப் பார்த்து, நாலு இடத்தில் ‘அப்புறம்’ என்பதைப் ‘பிறகு’ என்று மாற்றி, தபாலில் சேர்ப்பார். அதுவும் வேலைதானே!

தொண்ணூற்று நாலில் முதல் புத்தகம் வந்தபோது சென்னைப் பதிப்பாளர், கவரில் இருந்த அனுப்புநர் பெயரையே அட்டையில் போட்டுவிட்டார். கனகவல்லி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்த ஒரு தடவை எம் பேர்ல இருந்துட்டுப் போகட்டுமே கனகம். அடுத்ததுல உன் பேரைப் போட்டுடலாம்” என்றார் சேஷாத்ரி.

அதற்கப்புறம் பத்து அடுத்தது வந்துவிட்டது.

“என்ன கேக்கறாளாம்?” கனகவல்லி காபியோடு வந்து நின்றாள்.

“அதெல்லாம் டெக்னிக்கல். உனக்குப் புரியாது.” டம்ளரை வாங்கிக்கொண்டு ஹம்சினி பக்கம் திரும்பினார். “எழுதிக்கோ. ‘இல்லத்திலேயே கற்றார்.’”

ஹம்சினி எழுதினாள். எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது.

‘நல்லது. இல்லத்தில் யாரிடம் கற்றார்? அவர் பெயரைக் குறிப்பிடலாமே.’

சேஷாத்ரிக்குப் பகீரென்றது. இந்த வைத்தியநாதனுக்கு மூக்கு வேர்த்துவிட்டதா? யார் சொல்லியிருப்பார்கள்? அவசர அவசரமாக ‘இல்லத்திலேயே, எவர் உதவியுமின்றி, சுயமாகக் கற்றார்’ என்று மாற்றச் சொன்னார்.

“யார்கிட்டயும் கத்துக்கலையா மாமா?” என்றாள் ஹம்சினி. “மாமிக்கு என்னைவிட நன்னா பெங்காலி வருமே. போன வாரம் எனக்கு ஒரு கதை படிச்சுக் காட்டினாளே.”

“வாசிக்க வரும்மா. வாசிக்கிறது வேற, இலக்கியம் வேற.”

சாப்பாட்டு மேஜையில் கனகவல்லி மொபைலைத் தடவிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் இருக்கும் தங்கைக்குச் சேதி அனுப்புகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அடுத்தது வந்தது. ‘சுயமாகக் கற்றதற்கு அச்சில் சான்று இல்லை. கையெழுத்துப் பிரதி ஒரு பக்கம் இருந்தால் படமெடுத்துச் சேர்க்கலாம்.’

கையெழுத்துப் பிரதி இருந்தது. பரண்மேல் ட்ரங்குப் பெட்டி நிறைய இருந்தது. அத்தனையும் கனகவல்லியின் கையெழுத்து. முத்து முத்தாக, ஊதா மையில்.

சேஷாத்ரி ஒரு முடிவுக்கு வந்தார். அவள் காளிகாட் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறி, முதல் நாவலின் நோட்டை இறக்கி, முதல் பக்கத்தைத் தன் கையால் காப்பி அடித்தார். அறுபத்தெட்டு வயதில் காப்பி அடிப்பது சுலபமா என்ன? கை வலித்தது. பழசாகத் தெரிய வேண்டுமே என்று வங்கியில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்றிலிருந்து மஞ்சள் பூத்த தாளைக் கிழித்திருந்தார். மேலே இருந்த தேதியைக் கத்தரியால் நறுக்கினார். தேநீரை லேசாகத் தெளித்தார். படத்தை ஹம்சினிக்கு அனுப்பிவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு சந்தேஷ் இனிப்பு சாப்பிட்டார்.

மறுநாள் காலை மிருதுளாவிடமிருந்து போன் வந்தது.

“சார், அந்தப் படத்தை எங்கிருந்து எடுத்தீங்க?”

“ஏம்மா? என் கையெழுத்துதான்.”

“கையெழுத்து சரி சார். தொண்ணூத்து நாலுல எழுதின பக்கத்துக்கு அடியில, ‘மொபைல் பேங்கிங் வசதி உண்டு’ன்னு அச்சடிச்சிருக்கே.”

மேலே நறுக்கிய மனுஷன் கீழே பார்க்க வேண்டாமா?

“போலிப் படம்னு ஹம்சினிக்கு எச்சரிக்கை வந்திருக்கு சார். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அவ அக்கவுன்ட்டையே முடக்கிடுவாங்க. பாவம், பத்து மார்க் போயிடும்.”

“அது... அது அப்புறமா எடுத்த படிம்மா. சுத்தப் பிரதி.”

“அப்ப மூலப் பிரதி?”

“வெள்ளத்துல போயிடுத்து.”

இதையே சாயங்காலம் ஹம்சினியிடமும் சொல்லி எழுதச் சொன்னார். அவள் விரல் நின்றது.

“மாமா, நீங்க ரெண்டாவது மாடியிலன்னா இருக்கேள்?”

“சரி, கரையான்னு போட்டுக்கோ.”

அடுப்படியில் பாத்திரம் ஒன்று ணங்கென்று விழுந்தது. “மெதுவா கனகம்!” என்று இங்கிருந்தே குரல் கொடுத்தார்.

நடுநிலையிடமிருந்து கோபமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது வேறு மாதிரி இருந்தது. ‘பரவாயில்லை. மூலப் பிரதியில் ஒரே ஒரு பக்கம் எங்காவது தப்பியிருந்தாலும் போதும். அது யாருடைய கையெழுத்தில் இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன். அவர் பெயரை மட்டும் எழுதிவிடுங்கள்.’

சேஷாத்ரி அதை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அவருக்குத் தெரிந்தது வைத்தியநாதனின் சூழ்ச்சிதான். வலை விரிக்கிறான், படுபாவி! இனி இவனை வழிக்குக் கொண்டுவருவதே வழி என்று, ஒரு பெரிய டப்பா நிறைய சந்தேஷ் வாங்கிக்கொண்டு வைத்தியநாதன் வீட்டுக்கே போனார்.

“என்ன விசேஷம்?” என்றார் வைத்தியநாதன்.

“விசேஷம் என்ன? உங்களுக்குத் தெரியாததா?” கண்ணைச் சிமிட்டினார் சேஷாத்ரி. “ஏதோ, நம்ம பக்கமும் கொஞ்சம் பாருங்கோ.”

வைத்தியநாதனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் சந்தேஷ் நன்றாக இருந்தது. “பாத்துடலாம், பாத்துடலாம்” என்று சொல்லி நாலு எடுத்துச் சாப்பிட்டார். சேஷாத்ரி தெம்பாகத் திரும்பி வந்தார்.

வந்து பார்த்தால் திரையில் புதுச் செய்தி காத்திருந்தது. ‘பிரதி இல்லையென்றால் கல்லூரி இதழுக்கு ஒரு பேட்டி கொடுக்கலாம். இல்லத்தாரும் உடன் இருப்பது நல்லது. பேட்டியில் சொல்வதே சான்றாகக் கொள்ளப்படும். இதுவே கடைசி வாய்ப்பு.’

“சந்தேஷைத் தின்னுட்டு இப்படிப் பண்றானே!” என்று கத்தினார்.

பேட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாயிற்று. மிருதுளாவோடு வங்காளத் துறையிலிருந்து கீதாஞ்சலி என்ற பேராசிரியையும் வருகிறாள், ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வாள் என்று தெரிந்ததும் சேஷாத்ரிக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் மனைவியிடம் போய் நின்றார்.

“கனகம், அந்த முதல் நாவல்ல முதல் பக்கத்தை எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு. தமிழ் எழுத்துல எழுதிக்கறேன். மனப்பாடம் பண்ணிடறேன்.”

கனகவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“எதுக்கு இத்தனை கஷ்டம்? உள்ளதைச் சொல்லிட்டா என்ன?”

“உள்ளதா? விருது இன்னும் ரெண்டு வாரத்துலடி! இப்பப் போய்ச் சொன்னா முப்பது வருஷமா நான் என்ன திருடிண்டு இருந்தேனா?”

அவள் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்தைச் சொல்லிக்கொடுத்தாள். நாலு நாள் சொல்லிக்கொடுத்தாள். அவர் தப்பாகச் சொன்ன இடத்தில் திருத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை கீதாஞ்சலி வந்தாள். முதல் நாவலின் வங்கப் புத்தகத்தைக் கையில் வாங்கினாள். புரட்டினாள். எழுபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

சேஷாத்ரிக்கு எழுத்தெல்லாம் கொடியில் தொங்கும் துணி மாதிரி இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

“கண்ணுக்கு சொட்டு மருந்து போட்டிருக்கு... கனகம்! நீ கொஞ்சம் இதை வாசி.”

கனகவல்லி வந்தாள். நின்றபடியே வாசித்தாள். கணவன் ஆற்றைக் கடந்து போனபின் ஒருத்தி கரையில் நின்று பேசுகிற இடம் அது. அவள் குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. கீதாஞ்சலி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வாசித்து முடித்ததும் ஹம்சினி, “மாமி, இது தமிழ்ல எப்படி வரும்?” என்று கேட்க, கனகவல்லி புத்தகத்தைப் பார்க்காமலே முழுப் பத்தியையும் தமிழில் சொன்னாள். அச்சில் இருப்பது போலவே, சொல் பிசகாமல். ஒரே ஒரு வித்தியாசம். ‘பிறகு’ என்று அச்சாகியிருந்த இடத்தில் ‘அப்புறம்’ என்றாள்.

“மாஷிமா, இந்த மொழிபெயர்ப்பில் உங்கள் பங்கு என்ன?” என்று கீதாஞ்சலி அவளைச் சித்தி முறையில் அழைத்து வங்காளத்தில் கேட்டாள்.

கனகவல்லி கணவர் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்கோ என்கிற மாதிரி நின்றாள். மிருதுளாவும் அவரைப் பார்த்தாள். ஹம்சினியும் பார்த்தாள். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சேஷாத்ரிக்கும் அது தொண்டை வரைக்கும் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மனுஷன் அப்படியொன்றும் கெட்டவர் இல்லை. ஆனால் வந்தது அங்கேயே நின்றுவிட்டது. பெரிதாகச் சிரித்தார்.

“அவ பங்கா? வேளாவேளைக்குக் காபி போட்டுக் குடுத்தாளே! அவ மட்டும் இல்லேன்னா பதினோரு புஸ்தகம் வந்திருக்குமா? என்ன கனகம்?”

“ஆமாம்” என்றாள் கனகவல்லி. புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, எல்லோருக்கும் காபி கொண்டுவர உள்ளே போனாள்.

புதன்கிழமை கட்டுரை ஏறிவிட்டது.

‘ஏற்கப்பட்டது. வாழ்த்துகள்.’ அவ்வளவுதான். கீழே புதிதாக ஒரு வரியை நடுநிலையே சேர்த்திருந்தது: ‘பதினோரு நூல்களையும் மொழிபெயர்த்த காலத்தில் இவருடைய மனைவி வேளாவேளைக்குக் காபி தயாரித்துக் கொடுத்தார்.’ கட்டுரை முழுவதிலும் முறையாகச் சான்று காட்டப்பட்ட வரி அது ஒன்றுதான்.

சேஷாத்ரி துள்ளிக் குதித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

“கனகம், பாத்தியா! உன்னைப் பத்தியும் போட்டிருக்கா! பேர் இல்லேன்னா என்ன, மனைவின்னா நீதானே?”

“ஆமாம்” என்றாள் அவள்.

விருது விழா காளிகாட் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாலை, சால்வை, கேடயம், எல்லாம் ஆயிற்று. வைத்தியநாதனே கட்டுரையை மேடையில் வாசித்தார். காபி வரி வந்ததும் சபை கைதட்டிச் சிரித்தது. மூன்றாவது வரிசையில் இருந்த கனகவல்லியைப் பார்த்து நாலைந்து பெண்மணிகள் கையைக் காட்டினார்கள்.

ஏற்புரை சொல்ல எழுந்த சேஷாத்ரிக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. நிறைந்தால் மனுஷனுக்குத் தாராளம் வந்துவிடும்.

“ஒருத்தருக்கு நான் நன்றி சொல்லியாகணும்” என்றார் மைக்கில். “கலைக்களஞ்சியத்துல நடுநிலைன்னு ஒரு பெரியவர். என்னைக் கேள்வி கேட்டே படாத பாடு படுத்தினார். அன்னிக்குக் கோபம் வந்தது. இன்னிக்குச் சொல்றேன், அவர் கேட்டதாலதான் இந்தக் கட்டுரை இவ்வளவு சுத்தமா வந்திருக்கு. அவர் இந்தச் சபையிலதான் இருக்கார்னு எனக்குத் தெரியும். தயவுசெஞ்சு எழுந்திருக்கணும். இந்தச் சால்வையை என் கையால அவருக்குப் போத்தணும்!”

சொல்லிவிட்டு வைத்தியநாதனைப் பார்த்துச் சிரித்தார். வைத்தியநாதன் பின்னால் யாரோ இருக்கிறார்களாக்கும் என்று திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது வரிசையில் கனகவல்லி எழுந்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே வாசலை நோக்கி நடந்தாள். வந்தவர்களுக்குக் காபி தயாரா என்று பார்க்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார் சேஷாத்ரி.

“சபைக் கூச்சம் வேண்டாம், வாங்கோ!” என்று மறுபடி மைக்கில் கூப்பிட்டார்.

ஹம்சினி மேடையேறி வந்து அவர் கையிலிருந்த சால்வையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“போறும் மாமா, நடுநிலை நம்ம மாமிதான், ஒவ்வொரு கேள்வி போடறச்சேயும், ‘இந்தத் தடவையாவது எம் பேரை எழுதறாரா பாப்போம்’னு சொல்லிண்டேதான் போட்டா.”